நுனி வெட்டிய பாய்மரம்

பிரிசில்லா அக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தபோது நான் குரோம்பேட்டை ஸ்டேஷன் படியில் இருந்தேன். "சொல்லுங்கக்கா, இவ்ளோ சீக்கிரம் எழுந்துட்டீங்களா?" என்றேன். பேசியது அவருடைய கணவர் சாமுவேல் அண்ணா. "சுதா, நான்தாம்மா. பிரிசி போயிட்டா." "எங்கே அண்ணா?" என்று கேட்டுவிட்டேன். இப்படியும் ஒருத்தி கேட்பாளா! நான் ஏற வேண்டிய செங்கல்பட்டு வண்டி வந்தது, போனது. நான் படியிலேயே நின்றிருந்தேன்.

பிரிசில்லா அக்காவை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? காட்டாங்குளத்தூரில் அவரும் நானும் வேலை பார்த்த நம் கல்லூரியின் கணிதத் துறையில் உங்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள், மீதிப்பேர் அவருடைய டிபன் பாக்ஸைக் காலி செய்திருப்பீர்கள். நான் இரண்டும் செய்தவள். தினமும் பெருங்களத்தூரில் ரயில் ஏறுவார், என்னைப் பார்த்ததும் "தள்ளு" என்பார். அதுதான் எங்கள் காலை வணக்கம்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவருக்குப் பிடித்த பைத்தியம் விண்ட்சர்ஃபிங். அலைமேல் ஒரு பலகை, பலகைமேல் ஒரு பாய். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காற்றில் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடிந்த கையோடு கோவளத்துக்குக் கிளம்பிவிடுவார். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். "ஆண்டவர் தண்ணிமேல நடந்தாரு, நான் பலகை வெச்சுக்கிட்டுப் போறேன், அவ்ளோதான வித்தியாசம்?" என்று ஆயர் முன்னாலேயே கேட்டார். ஆயருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். எங்கள் துறைத் தலைவர் காட்டுக் கத்தல் கத்திவிட்டுப் போன ஒருநாள், நான் பதிலுக்குப் பொரிந்து தள்ளத் தயாரானபோது கையைப் பிடித்து உட்கார வைத்தார். "காத்து பலமா அடிக்கிறப்ப அதோட மல்லுக்கு நிக்கக் கூடாது சுதா. பாயைச் சின்னதாக்கிக்கணும்" என்றார்.

அந்தப் பாயைத் தாங்கும் கம்பம் ஃபைபரில் ஆனது. மாஸ்ட் என்பார்கள். இரண்டு துண்டாகக் கழற்றிக் காரின் தலையில் கட்டலாம். பதினொரு மாதம் அது அக்காவுடையது. டிசம்பர் வந்துவிட்டால் அண்ணாவுடையது. பீர்க்கன்கரணையில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் அதை நிறுத்தி, நுனியில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டுவார். ஏரிக்கு அந்தப் பக்கமிருந்தும் தெரியும். ஒரே குறை, ஸ்டாரின் பாரத்தில் நுனி வளைந்துவிடும். "கம்பமெல்லாம் ஸ்ட்ராங்தான்மா, இந்த நுனிதான் வீக்கு" என்று ஆண்டுதோறும் அலுத்துக்கொள்வார்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியும், அதன் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. கைகளில் வலு போயிற்று, தலைமுடி போயிற்று. மருந்து ஏற்றுவதற்கு நடுவில் டாக்டர் ஒருவாரம் மூச்சு விட இடம் கொடுத்தபோது, "ஒரே ஒரு தடவை தண்ணிக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார். பழைய பாயை இனி தூக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். சின்னப் பாய் ஒன்றை வரவழைத்தார். மாஸ்ட் அதற்கு ஒரு முழம் அதிக நீளம். வெட்டியாக வேண்டும்.

அண்ணா ஒப்புக்கொள்ளவே இல்லை. "வெட்டிட்டா டிசம்பர்ல ஸ்டார் எப்படிக் கட்டுறது? உடம்பு தேறினப்புறம் பெரிய பாயை எதுல மாட்டுவே?" என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு ஸ்டாரா முக்கியம்? வெட்டினால் அவள் தேற மாட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அந்தப் பயம். அக்கா வற்புறுத்தவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை நான் போனபோது அண்ணா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள், கையில் ஹாக்சா பிளேடு. "வெட்டிட்டேன்மா. அவ தூங்குறப்பவே முடிச்சிட்டேன்" என்று குழந்தைபோலச் சிரித்தார். அறைக்குள் அக்கா மாஸ்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வெட்டப்பட்டிருந்தது நுனி. வீக்கான பாகத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ராங்கான பாகத்தை அக்காவுக்கு வைத்திருந்தார் அந்த மனுஷன்! மாஸ்டை எப்போதும் அடியில்தான் வெட்ட வேண்டுமாம். நுனியின் அந்த வளைவுதான் காற்றின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் இழுப்பு மொத்தமும் கைக்கு வரும். இதெல்லாம் அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அவர் சொன்னது, "சூப்பரா வெட்டிருக்கீங்க" என்பதுதான். அண்ணா காபி போடப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவருகிட்ட மூச்சு விடாதே."

மறுநாள் கோவளத்தில் நல்ல காற்று. காரைவிட்டு இறங்கியதும் அண்ணாவின் தொப்பி பறந்து ஓடியது. நான்தான் துரத்திப் பிடித்துக் கொடுத்தேன். அங்கே பயிற்சி தரும் ஜெகன், மாஸ்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாக்கா இது, நுனியப் போயி வெட்டி வெச்சுகினு வந்துகீறீங்க? நம்மகிட்ட சின்ன மாஸ்ட் கீது, எடுத்தாரட்டா?" அண்ணா காருக்குப் பின்னால் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா உதட்டின் மேல் விரலை வைத்தார். "வேணாம் ஜெகன். இதுதான் என் மாஸ்ட்."

நல்ல மாஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்தேன், அக்கா ஒரு முறை முறைத்தார், மூடிக்கொண்டேன். பாயின் தலைப்பு மாஸ்டில் சரியாக உட்காரவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். முட்டளவு தண்ணீரில் பலகைமேல் ஏறினார். பாயை இழுத்து நிமிர்த்தினார். காற்று வந்து மோதியது, மாஸ்ட் வளைந்து கொடுக்கவில்லை, அக்காவைத் தூக்கிப் போட்டது. மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். மூன்றாம் முறை கையை விட்டுவிட்டு, பலகைமேல் உட்கார்ந்து சற்றுநேரம் கடலைப் பார்த்தார். ஐயோ, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பது என்ன கொடுமை! என்னால் செய்ய முடிந்தது துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

நனைந்து வந்தவர் அண்ணாவிடம், "காத்தே இல்லப்பா இன்னைக்கு" என்றார். தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "ஆமா பிரிசி, சுத்தமா இல்ல" என்றார் அண்ணா. இதுகூடத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு கடலுக்குப் போக முடியவில்லை. வெட்டிய நுனித்துண்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படுத்தபடியே ஃபேன் சுவிட்சைத் தட்டுவார். "பாத்தீங்களா, நீங்க வெட்டுனது எவ்ளோ உபயோகமா இருக்கு!" என்று அண்ணாவிடம் சொல்வார். அவரும் சிரிப்பார்.

அடக்கம் முடிந்த பிறகு ஒருநாள் போயிருந்தேன். இந்த ஆண்டு ஸ்டார் இல்லை என்றார் அண்ணா. பிறகு, "அன்னைக்குக் காத்து இருந்துச்சும்மா" என்றார். "என் தொப்பிய நீங்கதான பிடிச்சுக் குடுத்தீங்க? ஜெகன் கேட்டதும் என் காதுல விழுந்துச்சு. அந்த மாஸ்ட எடுத்துக்கோ பிரிசின்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். எனக்காக மறைக்கிறாளே, அதை எப்படி உடைக்கிறது? வாய் வரலம்மா. நீங்க அவளைப் பத்தி எழுதினா இதையும் எழுதுங்க." "காபி போடட்டுமா அண்ணா?" என்றுதான் கேட்டேன்.

கிளம்பும்போது அந்த நுனித்துண்டை என்னிடம் கொடுத்தார். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என் வீட்டுச் சுவிட்ச் என் கைக்கே எட்டும். ஆனாலும் கட்டிலில் படுத்துக்கொண்டு அதை நீட்டித்தான் தட்டுகிறேன். ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறது. காத்து வருதுக்கா.