எபிரேயத் தேர்வுக்கு முந்தின நாள் ஒரு புளி வியாபாரி

இன்றைக்குச் சந்தவாசலில், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினேன். நாளைக்கு எங்கள் வேதாகமக் கல்லூரியில் எபிரேய வாசிப்புத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றாயிற்று. இந்தத் தடவையும் போனால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

‘அயின்’ என்ற சொல்லைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில், மலையில் புளி வாங்கிக்கொண்டு திரும்பும் பாய் ஒருவர். “இன்னா தம்பி, கண்ணைச் சொல்றீங்களா?” என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. அதற்குக் கண் என்றுதான் பொருள்.

“அரபியிலயும் அதாங்க. சின்ன வயசுல ஓதுனது. ஆனா தொண்டையிலேர்ந்து வரணும்” என்று சொல்லிக் காட்டினார்.

‘பயித்’ என்றேன்.

“பைத்து. வூடு.”

‘யோம்’ என்றேன்.

“யவ்மு. நாளு.”

மூன்று வருஷமாக அகராதியோடு மல்லுக்கட்டுகிறேன். இரண்டும் உறவு மொழிகள் என்று கல்லூரியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நாளைய தேர்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். கணியம்பாடியில் அவர் இறங்குவதற்குள் அந்தத் தொண்டை ஒலி எனக்கு வந்துவிட்டது. “இப்பதான் சரி. நல்லா படிச்சுக் காட்டிட்டு வாங்க” என்று கையசைத்தார்.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் பேராசிரியருக்கே அந்த ஒலி வராது. தன்னைப் போல உச்சரிக்காதவனுக்கு அவர் மார்க் போட்டதும் கிடையாது.

நாளைக்கு நான் சரியாகப் படிக்கட்டுமா, பாஸாகிற மாதிரி படிக்கட்டுமா? யாராவது சொல்லுங்களேன்.