உட்கார்ந்து வாங்கிய கிடார்

அவருக்கு டெஸ்டர் என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக எலெக்ட்ரீஷியனாக இருக்கிறார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். "மெயின் ஆஃப் பண்ணியாச்சு, தைரியமா கை வைங்க" என்று யாராவது சொன்னால், சொன்னவரின் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். பிறகு டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். உடன் வேலை செய்பவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அவர்களில் இரண்டு பேர் ஷாக் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள். அவர் போனதில்லை.

அந்தக் குணம் சட்டைப் பையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் அன்று முழுவதும் அந்தச் சிரிப்பைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பேஸ் கிடார் அவர் கைக்கு வந்ததும் மின்சாரம் வழியாகத்தான். இருபது வயதில் ஒரு மேடைக்கு ஒயர் இழுத்துக் கொடுக்கப் போனார். பாட்டின் நடுவில் பேஸ் கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் மட்டும் ஃபியூஸ் போய் அணைந்துவிட்டது. பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார், டிரம்மும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. இருக்கும்வரை யார் கண்ணிலும் படாத, போனால் மட்டும் தெரிகிற அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதமே ஒரு பழைய பேஸ் கிடாரை வாங்கினார்.

இருபத்தைந்து வருடம் உழைத்த அந்தக் கிடாரின் கழுத்து கடைசியில் முறுக்கிக்கொண்டது. நான்கு மாதத்துக்கு முன்பு வேறொன்று வாங்கப் போனார். பழைய வாத்தியங்கள் விற்கும் கடை. கடைக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு, சுவரிலிருந்து ஒன்றை இறக்கி மடியில் வைத்தார்.

"ஒரே கை வாசிச்சது சார். புதுசு மாதிரி."

டெஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். குழாய் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். தடித்த தந்தியை, கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகளில் முதலாவதிலும் கடைசியிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். நான்கு தந்திகளையும் ஒவ்வொரு கட்டையிலும் அமுக்கி, எங்காவது கரகரக்கிறதா என்று காது கொடுத்தார். குமிழ்களைத் திருகித் திருகிக் கேட்டார். தன் சொந்த ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்க மூடியைத் திறந்து சால்டரிங்கைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"சார், நீங்க கிடார் வாங்க வந்தீங்களா, கேஸ் விசாரிக்க வந்தீங்களா?"

"மூணாவது கட்டை மட்டும் தேஞ்சிருக்கு. ஒரே கைன்னீங்க. அந்தக் கை பத்து வருஷமா இங்கயே அமுக்கிட்டு இருந்திருக்கு."

கடைக்காரர் பில் புத்தகத்தைத் தேடி எடுத்தார். டெஸ்டருக்கு மனசு நிறைந்தது. தன்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்ற நடையில் கிடாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் வாசிக்கும் குழுவில் நான்கு பேர். டிரம்ஸ் அவர் மனைவியின் தம்பி. கீபோர்டு ஒரு கணக்கு வாத்தியார். பாடுபவள் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண், அவள்தான் நிகழ்ச்சிகளைப் பேசி முடிப்பவளும். கார் சீட் தைக்கும் கடைக்கு மேலே ஒரு அறையில் வாரம் இரண்டு மாலை பயிற்சி செய்வார்கள். கீழே மிச்சமான ஃபோம் துண்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். ஆம்ப் அங்கேயே இருக்கும்.

புதுக் கிடார் வந்த மூன்றாவது வாரம், ஆம்பின் வால்யூம் குமிழ் தான் விட்டுப்போன இடத்தில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த முறை வந்து பார்த்தபோது குமிழ் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே.

அதன்பிறகு எல்லாமே கண்ணில் படத் தொடங்கிற்று. மைத்துனன் டிரம்மில் ஓடுகிறான், பாட்டுக்குப் பாட்டு தன்னை முந்துகிறான். முன்பெல்லாம் "மாமா, மாமா" என்று காலைச் சுற்றுகிறவன் இப்போது பயிற்சி முடிந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறான். கணக்கு வாத்தியார் தன் இடது பக்கம் ஒரு புத்தகப் பையை நிறுத்தி வைக்க ஆரம்பித்திருந்தார். அதற்குப் பின்னால் அவர் இடது கை என்ன செய்கிறது என்று டெஸ்டர் நிற்கும் இடத்திலிருந்து தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் படியேறும்போது மருந்துக்கடைப் பெண் மேலே போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மூணு பேரா? ஆமா சார், மேடை சின்னதுதான்..." அவருடைய காலடி கேட்டதும், "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாராவாரம் சனிக்கிழமை மாலை வாசிக்கும் வாய்ப்பு வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாக அவர்கள் காத்திருந்த வாய்ப்பு. மூணு பேர். டெஸ்டர் படியிலேயே நின்று எண்ணிப் பார்த்தார். பாட்டு ஒன்று, டிரம்ஸ் இரண்டு, கீபோர்டு மூன்று. அந்த எண்ணிக்கையில் அவர் வரவில்லை.

சந்தேகம் வந்தால் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதுதானே வழக்கம். அன்றைய இரண்டாவது பாட்டில், சரணத்தின் நடுவில், இடது கையை அசைத்துக்கொண்டே வலது கை விரல்களைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார்.

பேஸ் நிற்கவில்லை. டும் டும் என்று பாட்டோடு போய்க்கொண்டே இருந்தது.

அவர் மெதுவாக நடந்து போய் அந்தப் புத்தகப் பையை நகர்த்தினார். வாத்தியாரின் இடது கை கீபோர்டின் அடிக்கட்டைகளில் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது.

"என்ன வாத்தியாரே, இந்தக் கைக்கு எப்பலேருந்து என் வேலையக் குடுத்தீங்க?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைத்துனன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பாடுகிறவள்தான் பேசினாள்.

"அண்ணே, நீங்க லேட்டாகுறீங்க."

"நானா? அவன் ஓடுறான்."

"யாரும் ஓடலண்ணே. நீங்கதான் ஒரு இம்மி பின்னால. ஆனா எல்லாப் பாட்டுலயும். வால்யூமைக் குறைச்சதும் நான்தான்."

"உங்களுக்காக நின்னா பாட்டு தூங்கிடுது மாமா," என்றான் மைத்துனன்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

டெஸ்டர் ஆம்பை அணைத்தார்.

"ஹோட்டல் மேனேஜர் மூணு பேர் போதும்னாரு. நான் நாலு பேர்தான்னு சொல்லியிருக்கேன்," என்றாள் அவள். "இந்தச் சனிக்கிழமை கேட்டுட்டு முடிவு சொல்றேன்னாரு. அவ்வளவுதாண்ணே விஷயம்."

அவ்வளவுதான் விஷயம் என்று யார் சொன்னாலும் அவருக்கு விஷயம் அங்கேதான் தொடங்கும். வீடு வரை அந்த வார்த்தையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் மனைவி தையல்காரி. அந்நேரம் ஆஸ்பத்திரிச் சீருடைகளுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்து, தாளத்துக்கு 'டிக் டிக்' அடிக்கும் மெட்ரோனோமை ஓடவிட்டார். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் தினமும் அரை மணி நேரம் இதுதான். முதலில் மெதுவாக, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. அடிக்கிற தந்தியைத் தவிர மற்றவை முனகாமல் இடது கை பொத்திக்கொள்ள வேண்டும். விரல் சரியாகத் தாள அடியில் விழுந்தால் மெட்ரோனோமின் 'டிக்' அதற்குள் புதைந்து, காதுக்கே கேட்காது.

"இங்க பாரு. டிக் கேக்குதா?"

அவள் மிஷினை நிறுத்திக் காது கொடுத்தாள். "கேக்கல."

"அப்ப நான் சரியா இருக்கேனா இல்லையா? உன் தம்பியும் சேர்ந்துதான் எனக்குக் குழி பறிக்கிறான்."

"என் தம்பி பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சைக்குக் கூட பிளான் போட்டதில்ல. இவன் குழி பறிச்சிட்டான்." அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். "அங்கயும் இப்படித்தான் உக்காந்து வாசிக்கிறீங்களா?"

"அங்க எப்படி உக்கார முடியும்? நின்னுதான்."

"அப்ப நில்லுங்க."

நின்றார். வாரைத் தோளில் மாட்டி அதே பாடத்தை வாசித்தார். டிக்-டும். டிக்-டும். டிக் புதையவில்லை. ஒவ்வொரு முறையும் அது முன்னால் போய் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் மெட்ரோனோமை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பேட்டரியை மாற்றினார்.

"ஏங்க, பேட்டரி தீர்ந்தா அது மெதுவாகும். நீங்க ஏன் மெதுவாகணும்?"

அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பழைய கிடார் சின்னது, லேசானது. எந்த வாரில் தொங்கினாலும் கைக்கு அடங்கும். இதன் கழுத்து நீளம், பளு. நின்றால் கிடார் தொடை வரை இறங்கி, கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இடது மணிக்கட்டு குழாய் வளைவுபோல மடங்கி, சுண்டுவிரல் கட்டையைத் தொடுவதற்குள் அடி போய்விட்டது. கடையில் ஒன்றரை மணி நேரம் அத்தனையையும் சோதித்தாரே, அந்த ஸ்டூலை விட்டு ஒரு தரமாவது எழுந்தாரா? நான்கு மாதமாகக் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே கையைப் பழக்கியிருக்கிறார்.

போன மாதம்தான் ஒரு கான்ட்ராக்டரை இதற்காகத் திட்டினார். ஏழாவது மாடியில் அவன் இழுத்த லைனில் டெஸ்டர் அழகாக எரிந்தது. ஃபேனைப் போட்டால் சுற்றவில்லை. "ஃபேன் கீன் எதாவது லோடு போட்டுப் பாக்காம எவனாவது ஓகே சொல்வானா?" என்று ஊரே கேட்கக் கத்தியிருந்தார்.

"லோடு போடாம பாத்திருக்கேன்," என்றார் கண்ணாடியிடம்.

"பேண்ட்டுக்கு யாராவது உக்கார வச்சு அளவெடுப்பாங்களா?" கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு அவள் எழுந்து வந்தாள். உட்காரச் சொல்லி மோவாயிலிருந்து தந்தி வரை அளந்தாள். நிற்கச் சொல்லி அளந்தாள். ஏழு அங்குல வித்தியாசம். வாரை அதற்குத் தக்கபடி மடித்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

அவர் தையலை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

"என் தையலையுமா?"

"பழக்கம்மா."

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று காலைகள் இருந்தன. மூன்றையும் நின்றே வாசித்தார். வெள்ளிக்கிழமை டிக் புதைந்தது.

ஹோட்டல் மேடை உண்மையிலேயே சின்னதாகத்தான் இருந்தது. அதையும் அவர் அடியால் அளந்து பார்த்துக்கொண்டார். கிடார் நெஞ்சுக்குக் கீழே ஏறி நின்றதைப் பார்த்து மைத்துனன், "மாமா, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும்போது துணி கட்டுவாங்களே, அந்த மாதிரி இருக்கு," என்றான். வாத்தியார் புத்தகப் பையைக் கொண்டு வரவில்லை. மேனேஜர் பில் போடும் மேசையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் பாட்டு முழுவதும் டெஸ்டர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, வாத்தியாரின் இடது கையைப் பார்த்தார். அது தொடையின் மேல் இருந்தது. இரண்டாவது பாட்டிலும் அங்கேயே இருந்தது. மூன்றாவது பாட்டின் சரணத்தில் அது எழுந்தது. டெஸ்டரின் விரல்கள் தாளம் பிசகவில்லை. வாத்தியாரின் கை மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தொடைக்குத் திரும்பியது. மூலை மேசையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே காலால் தாளம் போட்டார். தான் போடுவது அவருக்குத் தெரியாது.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். "நாலு பேரும் வாங்க. அந்த ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் சுவர் பக்கம் தள்ளிக்கங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை டெஸ்டர் மற்றவர்களுக்கு முன்பே பயிற்சி அறைக்குப் போனார். ஆம்பின் முன்னால் குனிந்தார். வால்யூம் குமிழ் பென்சில் கோட்டின் மேல் நூல் பிசகாமல் நின்றது. சந்தோஷம்தான். ஆனால் கோடு முன்பைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. கோட்டுக்குக் குமிழ் வந்ததா, குமிழுக்குக் கோடு வந்ததா?

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் முனையால் அந்த இடத்தில் அழிக்க முடியாதபடி ஒரு சின்னக் கீறல் போட்டார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ள. தூசி."