பெயர் சொல்லாமல் படகு ஓட்ட முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை, ஜெயமங்கலம் பக்கத்துக் கண்மாயில் என் படகையே பணயமாக வைத்துப் பந்தயம் ஓட்டினேன்.

நான் படகில் ஏறி உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்! கை நீளம்தான் இருக்கும். பாய்மரப் படகு. நாம் கரையில் ரிமோட்டோடு நிற்க வேண்டும். அது தண்ணீரில் ஓடும். மோட்டார் கிடையாது. ஓட்டுவது காற்று. பேட்டரி பாயை இழுத்து விடவும் சுக்கானைத் திருப்பவும் மட்டும்தான்.

விலை? பழசாகப் பார்த்து வாங்கினால் ஒரு வெள்ளாட்டங்குட்டி விலைதான். நான் அப்படித்தான் வாங்கினேன். மற்றவர்கள் வைத்திருக்கும் அதே ரகமாக வாங்குங்கள். அப்போதுதான் நீங்கள் ஜெயித்தால் 'படகு ஒசத்தி' என்று யாரும் சொல்ல முடியாது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், தண்ணீர் புகாது. ரிமோட்டில் இங்கிலீஷில் என்னென்னவோ எழுதியிருக்கும். நான் மூன்றாவதோடு நின்றவள்... எனக்கென்ன குறைந்துபோயிற்று? இடது குச்சி சுக்கானோ பாயோ, அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தீர்ந்தது பாடம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காற்றுக்கு நேர் எதிரே படகு போகாது. வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும் — பிடிவாதக்காரரிடம் காரியம் சாதிக்கிற மாதிரி.

ஓட்டுவது சீக்கிரமே வந்துவிட்டது. வராதது வேறு.

இரண்டு படகுகள் மோதுகிற மாதிரி வந்தால், காற்றை வலப்பக்கம் வாங்கி வருகிற படகுக்குத்தான் வழி. ஆனால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். எதிர்ப் படகின் பெயரைச் சொல்லி, "வழி!" என்று கூவ வேண்டும். கூவாவிட்டால் உரிமை போச்சு. எங்கள் கண்மாய்ச் சட்டம்.

என் கொழுந்தனார் ரிட்டயர்டு வாத்தியார். தன் படகுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? தன் அண்ணன் பெயர். அதாவது, என் வீட்டுக்காரர் பெயர்!

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத பெயர். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்வேன். கொழுந்தனாருக்கு இது தெரியாதா? வாராவாரம் என் படகுக்குக் குறுக்கே வருவார். நான் வாயடைத்து நிற்பேன். அவர் ஜெயித்துவிடுவார்.

"என்னா மதினி, நாக்குல சுளுக்கா?"

"ஏன் கொழுந்தனாரே, ஒங்க படகுக்கு வேற பேரே கெடைக்கலையாக்கும்?"

"அண்ணன் மேல பாசம் மதினி! இந்த வாரமும் தோத்தீகன்னா படகை எங்கிட்டக் குடுத்துருங்க."

"தோத்தா எடுத்துக்கங்க!" ரோஷத்தில் சொல்லிவிட்டேன்.

பந்தயம் தொடங்கியது. சுற்றி வர வேண்டிய கடைசி மிதவையும் தாண்டியாயிற்று. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. காற்றை வலப்பக்கம் வாங்கிச் சீறி வருகிறது என் படகு. குறுக்கே... அவர் படகு!

"அவுகளே... இந்தாங்க... வழி!"

"பேரு சொல்லலையே மதினி! செல்லாது, செல்லாது!"

படகா, பழக்கமா? யோசிக்க நேரமேது? வந்ததே ஆத்திரம்!

"ஏலே வீரணா! வழி விடுடா!"

கொழுந்தனார் பதறிப்போய்ப் படகைத் திருப்பினார். கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் இரண்டடி தள்ளி நின்றார்!

ஜெயித்தேன். படகு என் வீட்டில்தான் இருக்கிறது.

புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அன்று மத்தியானம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகத்தான் சாப்பிட்டார்!