பாலாம்பிகை சொல்லாத பதில்

லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் நிலவியல் துறையில் பாலாம்பிகை பதினாறு வருடம் துப்புரவு வேலை பார்த்தாள். யாழ்ப்பாணத்தில் புவியியல் இரண்டாம் வருடம் படிக்கையில் சண்டை அவளைத் துரத்தியது. படித்ததை இங்கே யாரிடமும் அவள் சொன்னதில்லை.

2014 மாசியில் ஒரு காலை, மூன்றாம் மாடிச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த படத்தின் முன் நின்றுவிட்டாள். காட்டு நடுவே வட்டக் குழி, அடியில் நீலத் தண்ணீர். செனோட்டே என்று மெக்சிக்கோவில் சொல்லும் இயற்கைக் கிணறு. பின்னால் பேராசிரியர் எட்வேட் வந்து நின்றார்.

"பக்கத்தில் ஆறே இல்லை. இது எப்படி வந்தது தெரியுமா?" என்று சும்மா கேட்டார்.

அவள் வாய் தானாகத் திறந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது புளிப்பேறும், சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைத்துக் குகையாக்கும், ஒரு நாள் கூரை இடிந்து விழ, உள்ளே கிடந்த தண்ணீர் வெளியே தெரியும். தடுமாறிய ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

மீதியை அவர் சொன்னார். பழைய மாயா மக்களுக்கு அது பாதாளத்தின் வாய், சாக் என்ற மழைத் தெய்வம் குடியிருக்கும் இடம். பச்சைக்கல்லும் பொன்னும், சில வேளை மனிதரையும்கூட அதற்குள் காணிக்கையாக இட்டார்கள். அதன் பிறகு காணும் நேரமெல்லாம் இருவரும் கல்லையும் தண்ணீரையும் பற்றியே பேசினார்கள்.

சித்திரையில் எட்வேட் கேட்டார்: "ஆனியில் இரண்டு கிழமை அங்கே போகிறோம். ஆராய்ச்சிக்குக் கல் மாதிரிகள் எடுக்க ஒருவர் வேண்டும். செலவு துறையுடையது. நீங்கள் வருகிறீர்களா? வெள்ளிக்கிழமை சொல்லுங்கள்."

ஆனியில் மகன் சுஜீத்துக்கு ஏ லெவல் சோதனை. தகப்பன் இல்லாத பிள்ளை. ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பேச்சும் நின்றுவிடும் என்று பயந்தாள். ஓடி ஒளிந்தாலும் அது நிற்கும் என்பதை அந்தப் பயத்தில் யோசிக்காமல், வெள்ளிக்கிழமைக்கு முன்பே வேறு கட்டடத்துக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். எட்வேட் இரண்டு தடவை அவளை விசாரித்தாராம். அடுத்த வருடம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

போன ஆவணியில் சுஜீத் கம்சிகாவைக் கலியாணம் முடித்துத் தேனிலவுக்கு மெக்சிக்கோ போனான். அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் அதே நீலம்.

"வெயில் கிறீம் பூசியிருந்தாக் கழுவிப்போட்டு இறங்கு தம்பி. ஊர்ச் சனம் குடிக்கிற தண்ணியும் அதோட சேந்துதான் ஓடுது."

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?"

சொன்னாள், முழுவதையும்.

"நான் சித்தி வீட்டில நிண்டிருப்பன். என்னட்ட ஏன் கேக்கேல்லை?"

கேட்டிருந்தால் அவன் ஓம் என்றிருப்பான். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"போகாதது போகட்டும்," என்றாள். "அந்த மனிசனுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்துத் தோர்ண்டன் ஹீத் நிலையத்தில் ரயில் ஏறித் துறைக்குப் போனாள். எல்லாம் புது முகங்கள். எட்வேட்டின் முகவரி யாரிடமும் இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்தால் விசாரித்து அனுப்பலாம் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். பாலாம்பிகை அங்கேயே நின்று நாலு வரி எழுதினாள். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் வெட்டித் திருத்தினாள்.

மூன்று மாதமாகிறது. கடிதம் அவர் கைக்குப் போனதா என்று கேட்க இரண்டு தடவை தொலைபேசி எடுத்தாள். இன்னும் யாருக்கும் தெரியவில்லை.