கறி வெந்துவிட்டது

எங்கள் வீட்டில் பன்றிக்கறி வெந்ததா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் அம்மாவுக்கு மட்டுமே உண்டு. மற்ற விஷயங்களில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்பாள், இதில் கேட்கமாட்டாள். ஆட்டுக்கறி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் விட்டுவிடுவாள். பன்றி என்றால் தென்னை ஈர்க்கைக் கழுவி எடுத்துத் துண்டில் குத்திப் பார்ப்பாள். ஈர்க்கு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இழுத்தால் எலும்பு கையோடு வர வேண்டும். அதுவரை எவர் வயிறு காய்ந்தாலும் சட்டி இறங்காது. அரைவேக்காட்டில் தின்றால் வயிற்றில் நாடா நாடாவாகப் புழு வளரும் என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தாள்.

அம்மாவின் ஒரே தம்பி பட்டாளத்தில் இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, லீவில் வந்த மாமா இந்தச் சட்டத்தைக் கேலி செய்ய ஆரம்பித்தார். பட்டாளத்து மெஸ்ஸில் வெள்ளைப்பன்றியாம்; பண்ணையில் தவிடு போட்டு வளர்த்ததாம்; டாக்டர் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் சமையலுக்கே வருமாம். ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடுவார்களாம். நடுவில் லேசாகச் சிவப்பு தெரிந்தாலும் அதிகாரிகள் தட்டை வழித்துச் சாப்பிடுவார்களாம். நீ கறியை வேகவைக்கவில்லை, அதற்குத் தண்டனை கொடுக்கிறாய் என்றார். உன் அதிகாரிகள் வயிற்றுக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்றாள் அம்மா. நான் மாமா கட்சி. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் ஒரு மணி நேரக் கறியைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு வந்திருந்தேன்.

லீவு முடிய இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு காலையில் தந்தி வந்தது. எல்லையில் சண்டையாம், பட்டாளத்திலிருந்து உடனே திரும்பி வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவுக்குத் தந்தி வருவதே அபூர்வம் என்பதால் எனக்கு ஒரே பெருமை. அதே காலையில், முந்திரிக்காட்டை ஒட்டிய கடலைக்கொல்லையை அழித்துக்கொண்டிருந்த காட்டுப்பன்றியை ஊர் ஆட்கள் வேட்டையாடிவிட்டார்கள். அப்பாவின் பங்காக ஒரு தொடை, வைக்கோலில் வாட்டிய வாசனையோடு வந்து இறங்கியது. தந்தியும் பன்றியும் ஒரே நாளில் வந்தால் எனக்குத் தலைகால் புரியுமா?

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. வேட்டைக்கறி அடுப்பேறிவிட்டால், அதில் ஒரு வாயாவது சாப்பிடாமல் வீட்டு மனிதர் யாரும் ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. எதைக் கேலி செய்தாலும் மாமா இதை மீறமாட்டார். மூன்று மணிக்குப் புதுக்கோட்டை பஸ். அதை விட்டால் மறுநாள்தான்.

பதினோரு மணிக்குச் சட்டி ஏறியது. நான் ரோட்டுக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு மணியாயிற்று, இரண்டாயிற்று. மாமா உடுப்பு மாட்டி, பூட்ஸ் கட்டி, இரும்புப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டார். அம்மா சட்டியில் இன்னும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். எரிகிற கட்டையில் ஒன்றை வெளியே இழுத்துப் போட்டாள். அடிப்பிடிக்காமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெந்த வரைக்கும் போடுக்கா, நேரமாச்சு" என்றார் மாமா.

"இது காட்டுப்பன்னிடா தம்பி, ஒன் மெஸ்ஸு பன்னி இல்ல. நாளைக்குக் காலையில பஸ்ஸு இருக்குல்ல, போய்க்கலாம்."

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போனார். அவருக்கு பஸ் போய்விடுமே என்று ரோட்டை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனதும் ஈர்க்கை எடுத்துக் குத்தினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அகப்பையால் ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதி இழுத்தேன். எலும்பு கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் பறந்தேன்.

"கறி வெந்துருச்சு மாமா! எலும்பு கழண்டு வந்துருச்சு!"

குடத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மாமா அடுப்படிக்கு வந்து நின்றபடியே நாலு துண்டு சாப்பிட்டார். பூவாக வெந்திருக்கிறது என்றார். அம்மா மீதியை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். பஸ் வந்தது. புழுதி அடங்கும்வரை ரோட்டில் குதித்துக் குதித்துக் கையை ஆட்டினேன். சாயங்காலம் முழுக்க அந்த எலும்பைத் தெருவெல்லாம் காட்டி, என்னால்தான் மாமா பஸ்ஸைப் பிடித்தார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுடைய அதிகாரத்தில் கைவைத்துவிட்டேன், அந்தக் கோபம் என்று நினைத்தேன்.

அப்புறம் மாதக்கணக்கில் கடிதம் இல்லை. எங்கள் அடுப்பில் பன்றிக்கறியும் ஏறவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மாமா வந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. இனித் திரும்பிப் போக வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அன்றைக்குப் பன்றிக்கறி அடுப்பேறியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தேர்ந்த கைக்காரியைப் போல ஈர்க்கை எடுத்துக் குத்தினேன். இறங்கியது. வெந்துவிட்டது என்று அறிவித்தேன்.

"இன்னும் வேகணும்டி" என்றாள் அம்மா.

என் கட்சித் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். மாமா அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எரிகிற கட்டையில் ஒன்றை மெதுவாக வெளியே இழுத்தார்.

"வேகட்டும்க்கா. எனக்கு இனிமே எந்த பஸ்ஸும் இல்ல."

எலும்பெல்லாம் கழன்று கறி குழம்போடு கரைந்துகொண்டிருந்தது. இருவரும் சட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாமா எப்போது அம்மா கட்சிக்கு மாறினார் என்று எனக்கு விளங்கவேயில்லை. எனக்குப் பசி மட்டும்தான் தெரிந்தது.