ஜெயராணி மீட்டுக் கொடுத்த அஞ்சல்கள்

புதன்கிழமை காலை வாடிப்பட்டியிலிருந்து போன். "அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே." ஜெயராணியின் தம்பி. மூளைக் காய்ச்சல், நான்கே நாள். மதியத்துக்குள் நம் மில் அலுவலகம் இரங்கல் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. 'அர்ப்பணிப்பு மிக்க ஊழியர்' என்று அதில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை எழுதுகிறேன்.

நம் அஞ்சல்கள் எல்லாம் சர்வரில் ஒரே பெரிய கோப்பில் இருந்தன. டிஸ்க் நிரம்பி வந்ததால், பழையவற்றை அழிக்கும்படி மேலாளர் எல்லோரையும் விரட்டினார். அழித்தோம். கோப்பின் அளவு குறையவில்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஜெயராணியிடம் கேட்டார்: "நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?"

சர்வர் ஜெயராணியின் பொறுப்பு. நிதானமாகச் சொன்னார்: "ஆளுங்க எந்திரிச்சுப் போனா நாற்காலிதான் சார் காலியாகும். ரூம் சின்னதாயிருமா? புது மெயில் அந்தக் காலி எடத்துல உக்காந்துக்கும். சுருக்கியே ஆகணும்னா, முதல்ல பேக்கப் எடுத்துட்டு ஒருநாள் மெயிலை நிறுத்தணும்."

சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை மேலாளர் மன்னிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு, ஜெயராணி ஊரில் இருந்தபோது, மேலாளரே கோப்பைச் சுருக்கும் வேலையைத் தொடங்கினார். பேக்கப் எடுக்கவில்லை. திங்கள் காலையும் அது முடியவில்லை. புதிய கோப்பு பழையதன் மேல் பதிவாகிக்கொண்டிருந்தது. பொறுமையிழந்து சர்வரின் சுவிட்சை அணைத்தார். இரண்டுமே பாழாயின.

ஜெயராணி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சர்வர் அறைக்கு வந்தார். யாரும் சொல்லாமலே சனிக்கிழமை டேப்பில் பேக்கப் எடுத்து வைத்திருந்தார். மாலைக்குள் அத்தனை அஞ்சல்களும் திரும்பின. "சனிக்கெழமை வரைக்கும் எல்லாம் இருக்கு," என்றவர் முகம் கழுவப் போனார்.

அதற்குக் கிடைத்த பரிசு ஒரு மெமோ. அவருடைய கவனக்குறைவால் சர்வர் பழுதானதாம். மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். அவர் வேலையையே விட்டார்.

மெமோவின் அடியில் சாட்சிக் கையெழுத்து ஒன்று இருந்தது. என்னுடையது. மேலாளர் நீட்டினார், போட்டேன். அதைப் பார்த்துவிட்டு ஜெயராணி கேட்டார்: "அண்ணே, நீங்க அங்கனதான நின்னீங்க?"

நான் என் மேசைக்குத் திரும்பிப் போனேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். ஆமாம் ஜெயராணி, அங்கேதான் நின்றேன். அணைத்தது மேலாளர். நான் பார்த்தேன்.