கூறைச்சேலைப் போர்வை

ஜெர்மனியில், ஹனோவரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் பின்னேர வகுப்பு ஒன்று நடந்தது. அயர்லாந்துக்காரி ஒருத்தி, தன் ஊர்ப் பெண்கள் வீட்டில் செய்துவந்த கைவேலைகளைச் சொல்லிக்கொடுத்தாள். கம்பளி பின்னுவது, கூடை முடைவது, பழந்துணியில் ஒட்டுப்போர்வை தைப்பது. வீட்டில் சும்மா இருந்தால் இவள் சண்டை பிடிக்கிறாள் என்று என் கணவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார்.

போர்வைப் பாடத்தின்போது அவள் தெளிவாகவே சொன்னாள். கிழிந்த கோட்டு, மாவுச் சாக்கு, நைந்துபோன சட்டை, இவற்றைத்தான் வெட்டுவார்களாம். உடுக்கக்கூடிய துணியில் கத்தரிக்கோல் வைத்தால் ஊரே ஏசுமாம். அவள் பேசிய டொச் மொழி எனக்கு நன்றாக விளங்கியது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

நான் இரண்டாம் தாரம். முதல் மனைவியின் கூறைச்சேலை எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஒவ்வொரு திவசத்துக்கும் அவர் அதை எடுத்து அவளுடைய படத்தின் முன்னால் வைப்பார். படையலுக்குச் சமைப்பது நான். அவளுடைய மகளுக்கு ஒரே ஆசை இருந்தது. கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தரும் கூறைக்கு மாறும்வரை, அம்மாவின் சேலையோடு மணவறையில் இருக்கவேண்டும். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறாமை. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று எனக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மேசையில் சேலையை விரித்து வெட்டினேன். பட்டு லேசாக வெட்டுப்பட்டது. சரிகைதான் கத்தரியில் சிக்கி என்னைப் பாடாய்ப் படுத்தியது. தைத்து முடித்த போர்வையைப் பார்த்த கணவர், ஒரு தடவை கையால் தடவிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். வகுப்பில் எல்லோரும் நிறத்தைப் புகழ்ந்தார்கள்.

கலியாணத்துக்கு நாள் வைத்தபிறகு மகள் மியூனிக்கிலிருந்து வந்தாள்.

"சித்தி, அம்மான்ர கூறையை எடுத்துத் தாங்கோ. அதுக்குச் சாரிச் சட்டை தைக்கக் குடுக்கோணும்."

"அது பழசாப் போச்சுது பிள்ளை. போர்வையாத் தைச்சிட்டன்."

கட்டிலில் விரித்துக் காட்டினேன். அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் குனிந்து ஒவ்வொரு சிவப்புத் துண்டாகத் தொட்டுப் பார்த்தாள்.

"மிச்சம் ஏதும் கிடக்கோ சித்தி? ஒரு சாண் இருந்தாலே காணும். சட்டைக் கையிலை வைச்சுத் தைப்பிப்பன்."

"ஒண்டும் இல்லை. எல்லாம் குப்பையிலை போட்டிட்டன்."

"ஓம்" என்றாள். கொண்டுவந்த பையைத் திறக்காமலே அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள்.

முந்தானை முழுசாக என் தையல் பெட்டியில் இருந்தது. சரிகை அதிகம் என்று வெட்டாமல் விட்டிருந்தேன். அவள் போனபின் அதைக் கையில் எடுத்தேன். தபாலில் அனுப்பிவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அனுப்பினால், நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்துவிடும். பொய்க்காரி என்று பெயரெடுக்க எனக்கு விருப்பமில்லை. சின்னச் சின்னதாக வெட்டிக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன்.